பயோகாஸ் எந்த அளவில் தீப்பிடிக்கும்? தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கடலூர் சிப்காட் பக்கம் ஓர் ஆலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என் பொறுப்பு. டைஜஸ்டரில், அதாவது கழிவை நுண்ணுயிர்கள் காற்றில்லாமல் செரிக்கும் மூடிய தொட்டியில், வரும் பயோகாஸ் பாய்லருக்குப் போகும், மிஞ்சியது ஃபிளேர் கம்பத்தில் எரியும். கம்ப்ரசர் அறையில் வாயுக்கசிவு அலாரத்தை எந்த எண்ணில் வைப்பது என்று கேட்டபோது நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கணக்கு சரி, ஆனால் வந்த எண்ணை மீட்டரில் பொருத்திய விதம் தப்பு. ஒரு வாரம் அப்படியே ஓடிய பிறகுதான் கண்டுபிடித்தேன். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாயுவில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற அறிக்கையைக் கையில் எடுங்கள். நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம்: மீத்தேன் 54%, ஹைட்ரஜன் 6%, கார்பன் டை ஆக்சைடு 36%, நைட்ரஜன் 4%. டைஜஸ்டர் கொஞ்சம் புளித்துப்போனால், அதாவது உள்ளே அமிலம் கூடினால், ஹைட்ரஜன் இப்படித் தலைகாட்டும்.

அடுத்து, எரியக்கூடியவற்றின் கீழ் எல்லை. மீத்தேன் காற்றில் 5% முதல் 15% வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும், ஹைட்ரஜனுக்கு 4% முதல் 75% வரை. கீழே போனால் எரிபொருள் போதாது, மேலே போனால் காற்று போதாது. பிளஸ் ஒன் வேதியியலில் படித்த அதே லீ சாட்லியர்தான் 1891இல் சுரங்க வாயுவை ஆராயும்போது கலவைக்கான சூத்திரத்தையும் சொன்னார். ஒவ்வொரு வாயுவின் பங்கையும் அதன் கீழ் எல்லையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, 100ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சரி, இனிதான் நான் வழுக்கி விழுந்த இடம். மெதுவாகப் படியுங்கள்.

நான் அறிக்கையில் இருந்த எண்களை அப்படியே போட்டேன். 54ஐ 5ஆல் வகுத்தால் 10.8, 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5, கூட்டினால் 12.3. நூறை அதனால் வகுத்தால் 8.13. ஆக எல்லை 8.13% என்று எடுத்துக்கொண்டு, அதை எட்டுவதற்கு வெகு முன்பே அலாரம் அடிக்க வேண்டும் என்பதால் அதில் ஐந்தில் ஒரு பங்காக 1.6இல் அலாரத்தை வைத்துவிட்டேன். ஆனால் அந்த 8.13 என்பது முழு பயோகாஸின் அளவு, அதாவது எரியாத கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் சேர்ந்த மொத்தம். அறையில் இருந்த அகச்சிவப்பு மீட்டரோ மீத்தேனை மட்டும் பார்க்கும். அது 1.6 என்று காட்டும்போது அறையில் பயோகாஸ் கிட்டத்தட்ட 3% இருக்கும், எல்லையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியாகிவிட்டது.

அதனால் இப்போது நான் செய்யும் முறை வேறு. எரியாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுவேன். எரியக்கூடியது மொத்தம் 60, அதை நூறாக்கினால் மீத்தேன் 90, ஹைட்ரஜன் 10. தொண்ணூறை 5ஆல் வகுத்தால் 18, பத்தை 4ஆல் வகுத்தால் 2.5, கூட்டினால் 20.5. நூறை அதனால் வகுத்தால் 4.88. இது எரியக்கூடிய வாயுக்களின் அளவு மட்டும். அதில் மீத்தேன் மட்டும் 4.39. ஹைட்ரஜன் அகச்சிவப்பு மீட்டரின் கண்ணில் படவே படாது, ஆகவே என் மீட்டருக்கு உரிய எல்லை இந்த 4.39தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு 0.88. அலாரம் அங்கே இருக்க வேண்டும், 1.6இல் அல்ல.

(பின்சேர்க்கை: 4.88ஐ 0.6ஆல் வகுத்தால் அதே 8.13தானே வருகிறது, பிறகு எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம், அதேதான் வரும். இரண்டு எண்ணும் சரி. எதனுடைய சதவீதம் என்பதுதான் வேறு. எண்ணுக்குப் பக்கத்தில் "பயோகாஸ்" என்றோ "மீத்தேன்" என்றோ எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு யாராவது என்னைப் போலவே தப்பான இடத்தில் வைப்பார்கள்.)

இதே வகைக் குழப்பம் இன்னொன்றும் உண்டு. மீட்டரில் 20 என்று காட்டினால் அது எல்.இ.எல். சதவீதமா (கீழ் எல்லையை நூறாக வைத்துச் சொல்வது), கன அளவுச் சதவீதமா என்று பாருங்கள். மீத்தேனுக்கு 20% எல்.இ.எல். என்றால் காற்றில் 1% மட்டுமே.

மேல் எல்லைக்கு இந்தச் சூத்திரத்தை நான் நம்புவதில்லை. கார்பன் டை ஆக்சைடு மேல் எல்லையை நன்றாகக் கீழே இழுத்துவிடும், சூத்திரம் அதைச் சரியாகக் காட்டாது. சூடான வாயு என்றால் கீழ் எல்லையும் சற்றுக் குறையும், ஒவ்வொரு 100 டிகிரிக்கும் அந்த எல்லையில் ஏறக்குறைய 8% அளவுக்கு.

மீட்டர் வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் அகச்சிவப்பு வகையையே வாங்குங்கள் என்பது என் கட்சி. இன்னொரு வகையான வினையூக்கி மணி மீட்டர், வாயுவைத் தனக்குள்ளே எரித்துத்தான் அளக்கிறது, எரிக்க ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் நிரம்பிய குழாயில் நீட்டினால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும், உள்ளே மீத்தேன் நிறைய இருந்தாலும். ஹைட்ரஜன் சல்பைடும் சிலிக்கோனும் அந்த மணியைப் பாழாக்கிவிடும். ஹைட்ரஜன் அதிகம் வரும் இடத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

குழாயைத் திறக்கும் முன் நைட்ரஜன் விட்டு வெளியேற்றுவது ஏன் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். உள்ளே 54% மீத்தேன், அதாவது மேல் எல்லையைத் தாண்டி இருக்கிறது, எரியாதே என்பார்கள். உண்மைதான். ஆனால் நேரடியாகக் காற்றை விட்டால் 54இலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் வழியில் 15க்கும் 5க்கும் நடுவே போய்த்தான் ஆக வேண்டும். நைட்ரஜனால் முதலில் 1%க்குக் கீழே இறக்கிவிட்டால், பிறகு எவ்வளவு காற்று சேர்ந்தாலும் அது இன்னும் நீர்த்துத்தான் போகும்.

இனி ஃபிளேர். நம் வாயுவின் வெப்ப மதிப்பு: மீத்தேனுக்கு கன மீட்டருக்கு 35.8 மெகாஜூல், அதில் 54% என்றால் 19.3. ஹைட்ரஜன் 10.8, அதில் 6% என்றால் 0.65. கூட்டினால் சுமார் 20. நீராவியோ காற்றோ ஊதாத சாதாரண ஃபிளேருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதி கேட்பது 7.45தான், ஆகவே கணக்குப்படி தாராளமாக எரிய வேண்டும். டைஜஸ்டரைப் புதிதாகத் தொடங்கும் நாட்களில் மீத்தேன் 20% வரை இறங்கினால் மட்டும் தனியாக எரியாது, பைலட்டில் (ஃபிளேரைப் பற்றவைக்கும் சிறு சுடரில்) எல்பிஜி ஓட விடுங்கள்.

எங்கள் ஃபிளேர் கார்த்திகை வாடைக்காற்றில் அடிக்கடி அணைந்தது. எல்லோரும் காற்றைத்தான் குறை சொன்னோம். கழற்றிப் பார்த்தால் ஃபிளேம் அரெஸ்டரின் (தீ குழாய்க்குள் திரும்பி வராமல் தடுக்கும் கருவி) தகடுகள் ஈரத்திலும் ஹைட்ரஜன் சல்பைடிலும் கறுத்து, பாதிக்கு மேல் அடைத்திருந்தன. வாயு போதுமான அளவு மேலே போகவே இல்லை. அரெஸ்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். இப்போது வைத்திருக்கிறோம். இன்னொன்று, பகலில் பயோகாஸ் சுடர் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. எரிகிறதா என்று அண்ணாந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை அளக்கும் உணரி) என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

(இன்னொரு பின்சேர்க்கை: பாகூர் பக்கம் வீட்டில் சாண எரிவாயு வைத்திருக்கும் ஓர் அக்கா, மீத்தேன் லேசானதாச்சே, அறையில் மேலே மட்டும் ஜன்னல் போதுமா என்று கேட்டிருந்தார். மீத்தேன் மட்டும் என்றால் காற்றில் பாதி எடைதான், மேலே போய்விடும். ஆனால் 55% மீத்தேனும் 45% கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் அதன் எடை கிட்டத்தட்ட காற்றின் எடையேதான். அது மேலேயும் ஓடாது, கீழேயும் தங்காது, கசிந்த இடத்தைச் சுற்றியே நிற்கும். அக்கா, மேலும் கீழும் இரண்டு பக்கமும் திறப்பு வையுங்கள். அழுகிய முட்டை வாடை வரவில்லை என்பதை வைத்துக் கசிவு இல்லை என்று நினைக்காதீர்கள், அந்த வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனால் மூக்கு மரத்துவிடும். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.)