டவுன் தெருவைப் புதுப்பிக்க: முதலில் மட்டம், பிறகு குழாய், கடைசியில்தான் தார்

திருநெல்வேலி டவுனில் ரதவீதிகளை ஒட்டிய சந்துகளில் பல வீடுகளுக்குத் தெருவிலிருந்து இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. கட்டியவர்கள் திண்ணையை உயர்த்தித்தான் கட்டினார்கள். தாருக்கு மேல் தார் போட்டதில் ரோடு ஏறிவிட்டது. ஒரு தடவைக்கு 5 செ.மீ. என்றாலும், நான்கு தடவையில் 20 செ.மீ.; ஒரு வாசப்படி முழுசாகப் புதைந்துவிடும். பிறகு ஐப்பசி மழைத் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். தெருவைப் புதுப்பிக்கும் எந்தத் திட்டமும் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

மதிப்பீடு போடும் முன் தெருக்காரர்களே மட்டம் எடுத்துவிடலாம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) போதும், இரண்டு பேர் வேண்டும். அசையாத ஒரு கல்படியில் பெயிண்டால் கோடு போடுங்கள், அதுதான் மூல மட்டம். குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு வாசப்படியும் ரோட்டின் நடுவும் வாறுகாலின் (தெருவோரச் சாக்கடையின்) அடித்தளமும் அந்தக் கோட்டுக்கு எவ்வளவு கீழே என்று நோட்டில் எழுதுங்கள். குமிழி நின்றால் அளவு தப்பும். வாறுகால் கடைசியில் எங்கே போய் விழுகிறது என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள். சாக்கடை நெல்லைக் கால்வாயிலோ நயினார்குளத்திலோ கலந்தால், மேலே எவ்வளவு அழகாகக் கல் பதித்தாலும் அது புதுப்பித்தல் ஆகாது.

தை பிறந்ததும் தோண்டத் தொடங்கி, சித்திரைக்குள் பள்ளத்தை மூடிவிட வேண்டும். தள்ளிப்போனால் ஆனித் தேரோட்டம் வந்துவிடும். சரியாக இறுகாத மண்ணில் தேர்ச்சக்கரம் அழுந்தும். அதையும் தாண்டினால் தீபாவளி வியாபாரமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். ஒரே நேரத்தில் தெரு முழுவதையும் தோண்ட விடாதீர்கள். 50 மீட்டர் முடித்து மூடிய பிறகு அடுத்த 50 மீட்டர். கடைக்காரர்கள் தாங்குவது அவ்வளவுதான்.

ஆழமானது முதலில்: பாதாளச் சாக்கடை, அதற்கு மேல் குடிநீர், கடைசியில் கேபிள். சாக்கடைக் குழாய்க்கு 30 மீட்டருக்கு ஒன்றும் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்றுமாக ஆள்நுழைக் குழி வேண்டும். குடிநீர்க் குழாய் அதிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருப்பது நல்லது. சந்தில் அதற்கு இடமிருக்காது. அப்போது தெருவின் எதிர்ப்பக்கமாக, சாக்கடைக்கு அரை மீட்டராவது மேலே போடச் சொல்லுங்கள். தெருவைக் குறுக்கே வெட்டி இரண்டு வெற்றுக் குழாய்களையும் புதைத்து வையுங்கள். நாளைக்குக் கேபிள் போட வருகிறவர் புது ரோட்டை உடைக்க மாட்டார்.

வேலை கெடுவது பெரும்பாலும் மண் மூடும்போதுதான். ஜேசிபியால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுப் போனால், மூன்று மாதத்தில் நீளவாக்கில் பள்ளம் விழும். 15 முதல் 20 செ.மீ. மண் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து, பிறகுதான் அடுத்த அடுக்கு. அந்த நேரம் தெருவில் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

தார் போடும் முன் பழைய தாரைச் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டும் செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மில்லிங் மெஷின் நுழையாத சந்தில் பெயர்த்துத்தான் அள்ள வேண்டும். 6 மீட்டர் அகலத் தெருவுக்கு நடு, ஓரத்தைவிட 7.5 செ.மீ. உயரமாக இருந்தால் தண்ணீர் வழியும். வாறுகால் மூடி ரோட்டு ஓரத்தைவிட ஒரு விரல்கடை தாழ்வாக இருக்கட்டும். உயர்த்தி வார்த்துவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது.

பூக்காரம்மாவையும் காய்கறி வண்டிக்காரரையும் வேலை தொடங்கும் முன்பே கணக்கெடுத்துவிடுங்கள். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி இடம் மாற்றுவதற்கு 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். அதே சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். தெரு சீரானதும் வாடகை ஏறும். வாடகைக்காரர்கள் எழுத்து ஒப்பந்தத்தை அதற்கு முன்பே போட்டு வைப்பது அவசியம்.

முதல் கனமழை ஓய்ந்ததும் சுண்ணாம்புக்கட்டியோடு போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றி வட்டம் போட்டுப் படம் எடுங்கள். ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிவதற்குள் அதை மாநகராட்சியில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.