ஆர்.வி.யில் கார்ல்ஸ்பாட் குகைக்கு: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

நியூ மெக்ஸிகோவின் தென்கிழக்கு மூலையில் உள்ள கார்ல்ஸ்பாட் கேவர்ன்ஸ் தேசியப் பூங்காவில் ஆர்.வி.யை (உள்ளேயே தங்கித் தூங்கும் வசதியுள்ள பயண வண்டி) நிறுத்தி இரவு தங்க இடம் கிடையாது. முன்பதிவு இல்லாமல் குகைக்குள் இறங்கவும் முடியாது. இந்த இரண்டையும் முதலில் முடித்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

படி 1: நேரத்தைப் பதிவு செய்யுங்கள்

பயணத் தேதி முடிவானதும் ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) என்ற அமெரிக்க அரசு முன்பதிவுத் தளத்தில் குகைக்குள் நுழையும் நேரத்தைப் பதிவு செய்யுங்கள். ஆளுக்கு ஒரு டாலர். இது இடம்பிடிக்கும் கட்டணம் மட்டுமே. நுழைவுக் கட்டணத்தைப் பூங்காவுக்குப் போய்த் தனியாகக் கட்ட வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இந்த முன்பதிவு தேவை. மலைமேல் சிக்னலை நம்ப முடியாது. பதிவுச் சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடிகாரத்தைக் கவனியுங்கள். கோடையில் அரிசோனாவிலிருந்து வருகிறவர்களுக்கு எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் பறிபோகும், ஏனென்றால் அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. பதிவு செய்த நேரத்தைத் தவறவிடுவதற்கு இதுவே போதும்.

படி 2: தங்கும் இடமும் வழியும்

நெடுஞ்சாலை 62/180-லிருந்து பூங்காச் சாலை பிரியும் இடம் வைட்ஸ் சிட்டி. அங்கே ஆர்.வி. பார்க் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடம்) இருக்கிறது. அங்கிருந்து பார்வையாளர் மையம் 7 மைல். கார்ல்ஸ்பாட் ஊரிலேயே தங்கினால் வைட்ஸ் சிட்டி வரை இன்னும் சுமார் 20 மைல் ஓட்ட வேண்டும்.

டெக்ஸாஸின் எல் பாஸோ நகரப் பக்கமிருந்து வருகிறவர்கள் டேங்க்கை அங்கேயே நிரப்பிவிடுங்கள். நடுவே நெடுந்தூரம் பாலைவனம்தான். அதைவிட முக்கியம் காற்று. அந்த வழியில் உள்ள குவாடலூப் மலைக் கணவாயில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அடிக்கும் காற்று, உயரமான பக்கச்சுவர் கொண்ட வண்டியை அடுத்த லேனுக்கே தள்ளிவிடும். பலத்த காற்று எச்சரிக்கை இருந்தால் அன்று புறப்படாதீர்கள்.

பூங்காச் சாலை வளைந்து வளைந்து ஏறினாலும் ஆர்.வி. போகும். ஆனால் வால்நட் கேன்யன் டெஸர்ட் டிரைவ் என்ற ஜல்லிச் சாலைக்குள் மட்டும் திரும்பாதீர்கள். அது மோட்டார்ஹோமுக்கும் ட்ரெய்லருக்கும் ஏற்றதல்ல.

படி 3: காலணி

பல குகைகளைச் சேர்த்துப் பயணம் போடுகிறவர்களுக்கு இந்தப் படி மிக முக்கியம். 2006-இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தெரியவந்த வெண்மூக்கு நோய், வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சை குளிர்கால உறக்கத்தில் இருக்கும் வௌவாலை அடிக்கடி எழுப்பிவிடும். உடம்பில் சேமித்த கொழுப்பு பூச்சிகள் திரும்பிவரும் முன்பே தீர்ந்து, வௌவால் பட்டினியால் சாகும். மனிதர்களுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் நம் காலணி மண்ணில் ஒட்டிப் பயணம் போகும். ஆகவே கென்டக்கியின் மாமத் குகையில் போட்ட ஷூவையும் உடையையும் இங்கே போடாதீர்கள். வேறொரு ஜோடி ஷூவை வண்டியில் எடுத்துவையுங்கள்.

ஷூவின் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்க வேண்டும். பாதை பல இடங்களில் ஈரமாக இருக்கும். உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 13 டிகிரி செல்சியஸ். வெளியே 38 டிகிரி கொளுத்தினாலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

படி 4: வண்டியை விட்டு இறங்கும் முன்

செல்லப்பிராணிகளுக்குக் குகைக்குள் அனுமதி இல்லை. வெளி வெப்பம் 21 டிகிரியைத் தொட்டாலே அவற்றை வண்டியில் தனியே விட்டுப்போவதும் விதிமீறல். ஏசி ஓடுகிறதே என்று நினைக்காதீர்கள்: ஜெனரேட்டர் நின்றால் நீங்கள் 230 மீட்டர் ஆழத்தில் இருப்பீர்கள். பிராணியை விட்டுச்செல்லும் கூடம் உண்டா என்று முன்னதாகவே கேட்டு உறுதி செய்யுங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் கொண்டுபோகலாம். தின்பண்டம் எதுவும் வேண்டாம். 2024-இல் யாரோ குகையின் பெரிய கூடமான பிக் ரூமில் ஒரு சிப்ஸ் பையைத் தவறவிட, அதில் இருந்த மாவுத் தின்பண்டம் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடித்தது. குகைப் பூச்சிகள் அதைத் தின்ன வந்து, அந்த அந்நிய உணவைச் சுற்றிலும் பரப்பின. ரேஞ்சர்கள் (பூங்காக் காவலர்கள்) பாறைப் பரப்பிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

குழந்தைத் தள்ளுவண்டியை உள்ளே விடமாட்டார்கள்.

படி 5: இறங்கி ஏறுதல்

இயற்கை வாயில் வழியாக நடந்து இறங்கி, மின்தூக்கியில் மேலே வாருங்கள். எங்கள் தேர்வு இதுதான். 2 கிலோமீட்டர் பாதையில் ஏறத்தாழ 75 மாடி உயரம் இறங்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். மூச்சைவிட முழங்கால்தான் முதலில் வலிக்கும், அதனால் சிறு அடியாக வையுங்கள். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இரண்டு வழிக்கும் மின்தூக்கியையே எடுக்கட்டும். குகையின் மிகச் சிறந்த பகுதியான பிக் ரூம் அப்போதும் முழுதாகக் கிடைக்கும். அதுவும் 2 கிலோமீட்டர் சுற்று, பெரும்பாலும் சமதளம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மின்தூக்கி பழுதாகும் நாட்களும் உண்டு, ஆகவே அன்று காலை பூங்கா இணையதளத்தில் அறிவிப்பைப் பாருங்கள்.

பாறைகளைத் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் படிந்த இடத்தில் நீர் ஒட்டாது. சுண்ணாம்பு படிவதும் அங்கே நின்றுபோகும்.

படி 6: மாலையில் வௌவால்கள்

மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை, பொழுது சாயும்போது மெக்ஸிகன் வால்வௌவால்கள் குகை வாயிலிலிருந்து சுழன்று சுழன்று கிளம்பும். பார்க்கக் கட்டணம் இல்லை. கைபேசி, கேமரா எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். முடிந்ததும் அந்த 7 மைலை இருட்டில் இறங்க வேண்டியிருக்கும்: பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் குறைந்த கியரில் வாருங்கள், சாலையில் மான் குறுக்கிடும். ஆர்.வி. பார்க்கில் தாமதமாக வருவதாகக் காலையிலேயே சொல்லிவையுங்கள்.