சயாம் மரண ரயில் நினைவிடங்கள்: காஞ்சனபுரி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரிக்குப் போகிறவர்களில் பலர் அங்குள்ள ரயில் பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடையில் சாப்பிட்டுவிட்டு, மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான். 1942-43இல் ஜப்பானிய ராணுவம் போர்க் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் அந்தப் பாலம் ஒரு சின்னத் துண்டு. வேலையில் பல்லாயிரம் பேர் இறந்ததால்தான் அதற்கு மரண ரயில் என்று பெயர். அந்தப் பாதையில் என்ன நடந்தது என்று அது அதிகம் சொல்லாது.

பாலத்தைப் பார்ப்பதானால் விவரம் தெரிந்து பாருங்கள். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்ற உலகப் புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் வருவது இந்தப் பாலமே அல்ல. படம் எடுத்தது இலங்கையில், கித்துள்கலையில், களனி ஆற்றின் மேல். காஞ்சனபுரியில் இருப்பது ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து பூட்டிய இரும்புப் பாலம். 1945இல் விமானக் குண்டுவீச்சில் உடைந்தது. வில்லாக வளைந்த சட்டங்கள் பழையவை, நடுவில் வளைவில்லாமல் கோண வடிவில் நிற்கும் இரண்டும் போருக்குப் பின் மாட்டியவை. ஆற்றின் பெயரையும் 'க்வாய்' என்று சொல்லாதீர்கள். தாய் மொழியில் அது எருமை. ஆறு 'க்வே யாய்'. அந்தப் பெயரும் படம் பார்த்துவிட்டு வந்த கூட்டத்துக்காக 1960களில் வைத்ததுதான், அதுவரை பாலத்துக்கு அடியில் ஓடியது மே க்ளாங்.

பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. தண்டவாளத்தின் நடுவே நடக்க விடுகிறார்கள், ரயில் வந்தால் ஒதுங்கி நிற்கப் பக்கவாட்டில் சிறு மேடைகள் உண்டு. ரயில் மெதுவாகத்தான் வரும். ஆனால் செல்ஃபிக் கூட்டம் ஒரே மேடையை அடைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் வருகிறவருக்கு இடம் இருக்காது. ஏறியதுமே அடுத்த மேடை எங்கே என்று பார்த்து வையுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில்

ஊர் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம். இங்கே காமன்வெல்த் படையினர் 5,084 பேரும் டச்சுக்காரர்கள் 1,896 பேரும் கிடக்கிறார்கள். அமெரிக்கர்களின் உடல்களை அவர்கள் நாட்டுக்கே எடுத்துப் போய்விட்டார்கள்.

குறிப்பிட்ட ஒருவரின் கல்லறையைத் தேடி வருகிறவர்கள் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வந்து வெயிலில் வரிசை வரிசையாக அலைகிறார்கள். கிளம்பும் முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடி, ராணுவ எண்ணையும் கல்லறைக் குறியீட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், எண் ஒருவருக்குத்தான். '8. டி. 27' என்று குறியீடு இருந்தால் 8ஆம் பகுதி, டி வரிசை, 27ஆம் கல்லறை. அப்படியும் கிடைக்காவிட்டால் பதறவேண்டாம். 1943 மே, ஜூனில் 'நீக்கி' என்ற ஊரின் முகாமில் பெரும்பாலும் காலராவில் இறந்த 300 பேரை எரித்துச் சாம்பலை இரண்டே கல்லறைகளில் வைத்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்கள் தோட்டத்தின் நிழல் மண்டபத்துப் பலகைகளில் உள்ளன.

இங்கே நிமிர்ந்து நிற்கும் கல் கிடையாது. தரையை ஒட்டிய தாழ்வான பீடம், அதன் மேல் சற்றே சாய்ந்த வெண்கலத் தகடு. தாழ்வாக இருப்பதால் சிலர் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், பையை வைக்கிறார்கள், பக்கத்துப் பூச்செடிப் பாத்தியை மிதித்துக்கொண்டு குனிகிறார்கள். புல்லில் நின்று குனியுங்கள். நண்பகலில் வெண்கலம் கண்ணைக் கூசச் செய்யும், எழுத்து தெரியாது. காலைச் சாய்வெயிலில் தானாகத் தெரியும். இல்லாவிட்டால் குடையால் நிழல் கொடுத்து, கைபேசி விளக்கைத் தகட்டின் ஓரத்தில் தாழ்வாகப் பிடித்தால் எழுத்துகளின் நிழல் விழுந்து படிக்க வரும். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு தூவுவது எதுவும் வேண்டாம்.

நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று தனி. வீட்டுக் குத்துவிளக்கு நினைப்பில் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தகட்டைத் துலக்குவது. அந்தப் பழுப்பு அழுக்கல்ல, உலோகத்தைக் காக்கும் படலம். புளிப்பு அதை அரித்துவிட்டால் மழை பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். பீடத்தில் சூடம் கொளுத்துவதும் குங்குமம் வைப்பதும் அப்படித்தான்: கரியும் எண்ணெய்ப் பசையும் எழுத்து இடுக்குகளில் இறங்கிவிடும். பூ வையுங்கள், பிளாஸ்டிக் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். பெரிய சிலுவைத் தூணின் படிகள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் இடமல்ல.

நம் ஆட்கள் எங்கே?

மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிறவர்கள் இந்தத் தகடுகளில் தமிழ்ப் பெயரைத் தேடுகிறார்கள். இருக்காது. ஆணையம் பராமரிப்பது படையினரின் கல்லறைகளை மட்டுமே. நுழைவு மண்டபத்தில் பிரிக்கப்படாத இந்தியாவின் ராணுவத்தைச் சேர்ந்த 11 பேரின் பெயர்கள் மட்டும் தனியாக இருக்கும். தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைத்து, பிறகு பராமரிக்க முடியாமல் போன கல்லறைகளுக்கு உரியவர்கள் அவர்கள்.

பாதை போட்டதில் இறந்த போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேர். சாதாரணத் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்பது ஆணையம் தரும் மதிப்பீடு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிவரப்பட்ட தமிழர்கள் இவர்களில் பெருந்தொகை. கைதிகளிடம் மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள், இறந்தவர் பெயரை ரகசியமாகவாவது எழுதி வைத்தார்கள். தோட்டத் தொழிலாளிக்குக் கணக்கெழுத ஆளில்லை. எனவே 'தாத்தா கல்லறை' என்று தேடினால் ஏமாற்றம்தான்.

அதற்காகப் போக இடமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே வாட் தவோர்ன் வராராம் என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. 'வாட் யுவான்' என்று கேட்டாலும் காட்டுவார்கள். தொழிலாளர்களின் எச்சங்கள் அங்கே ஒரு கூட்டுச் சமாதியில் இருக்கின்றன. 2023இல் அந்த வளாகத்தில் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நடுகல்லும் வைத்திருக்கிறார்கள். விளக்கேற்ற வேண்டும், படையல் வைக்க வேண்டும் என்றால் இதுதான் இடம். கோயிலாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை போதும். பாலத்தருகே 1944இல் ஜப்பானியரே எழுப்பிய நினைவுத் தூணும் உண்டு. அதன் சுற்றுச்சுவர்க் கல்வெட்டுகளில் தமிழும் இருக்கிறது. வேலை வாங்கியவர்களே வைத்த கல் என்பதை மறக்காமல் படிக்கவேண்டியது.

அருங்காட்சியகங்களிலும் குழப்பம். 'ஜீத்' என்பது ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா-அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் ஆங்கில முதலெழுத்துகள். இந்தியாவும் மலாயாவும் பர்மாவும் பெயரிலேயே இல்லை! 1977இல் தொடங்கிய அசல் 'ஜீத்' வாட் சாய் சும்போன் கோயிலில், மூங்கில் கொட்டகையில் இருக்கிறது. பாலத்தருகே உள்ள போர் அருங்காட்சியகத்தை அதுவென்று நினைத்து நுழைகிறவர்கள் நிறைய. நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் இரண்டையும் விடுங்கள், கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மரண ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அதை முதலில் பார்த்துவிட்டுக் கல்லறைக்குப் போவது நல்லது.

ரயிலும் ஹெல்ஃபயர் கணவாயும்

ரயில் பாங்காக்கின் பெரிய நிலையங்களிலிருந்து புறப்படாது, சாவ் பிரயா ஆற்றுக்கு மேற்கே உள்ள தோன்புரி நிலையத்திலிருந்து புறப்படும். கடைசி நிலையமான 'நாம் தோக்' நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். தாம் க்ராசேயில் மலையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும் இடத்தில் ஆறு அந்தப் பக்கம்தான்.

பாதை நாம் தோக்கோடு முடிந்துவிடும். பாதைக்காகக் கைதிகளும் தொழிலாளர்களும் பாறையை வெட்டித் திறந்த ஹெல்ஃபயர் கணவாய் அங்கிருந்து சாலையில் இன்னும் சுமார் 18 கிலோமீட்டர். ரயிலில் போய், கணவாயையும் பார்த்து, ரயிலிலேயே திரும்பலாம் என்று திட்டம் போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கடைசி ரயில் பிற்பகலிலேயே கிளம்பிவிடும். கணவாய்க்குத் தனி நாள் ஒதுக்கி, காஞ்சனபுரியிலிருந்து 323ஆம் நெடுஞ்சாலையில் நேராகப் போங்கள், ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையத்துக்குக் கட்டணமில்லை, ஒலி வழிகாட்டிக் கருவியும் கிடைக்கும். மையத்திலிருந்து கணவாய்க்குப் படி இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். கீழே பாதை முழுக்கச் சரளைக் கல், கெட்டியான காலணி தேவை. தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். சம்மட்டியும் உளியும் கொண்டு குடைந்த பாறையில் உடைந்து சிக்கிய துளைக்கம்பியை இன்னும் பார்க்கலாம். தொட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள். பாறை இடுக்குகளில் செருகியிருக்கும் சிறு கொடிகளும் காகிதப் பூக்களும் இறந்தவர்களின் வீட்டார் வைத்துப் போனவை, படத்துக்காக நகர்த்த வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை வெயில் கொளுத்தும். ஏப்ரல் 25 விடியலில் கணவாயில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினருக்கான அன்சாக் நாள் நினைவேந்தல் நடக்கும், அதையொட்டிக் கூட்டம் வரும். நவம்பர் இறுதியில் பாலத்தருகே ஒலி ஒளிக் காட்சியோடு திருவிழா, அப்போது ஊரில் அறை கிடைப்பது சிரமம். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்த நாட்களை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் சுங்கையில் இருக்கும் இன்னொரு கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,700க்கு மேற்பட்டோர் கிடக்கும் அந்தத் தோட்டத்துக்குச் சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் போவதில்லை.