ஜேஇஇ மெயின் கணக்கு: பயிற்சியை எப்படித் தொடங்குவது?

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினின் பி.இ., பி.டெக். தாளில் கணக்குக்கு 25 கேள்விகள், 100 மதிப்பெண். இருபதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி ஐந்தில் விடையாக வரும் எண்ணை நீங்களே உள்ளிட வேண்டும். 2025 முதல் இந்த எண் விடைப் பகுதியில் எந்தக் கேள்விகளுக்கு விடையளிப்பது என்று தேர்ந்தெடுக்கும் சாய்ஸ் கிடையாது. சரியான விடைக்கு 4 மார்க், தப்பானால் 1 கழியும். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை.

படி 1: ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள்

அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர், முப்பரிமாண வடிவியல் ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்குவது நல்லது. கேள்வி வகைகள் குறைவு, சீக்கிரம் பிடிபடும். முதலில் பாடப்புத்தக எடுத்துக்காட்டுகளை விடையை மூடிவைத்துப் போடுங்கள். பிறகு அதே பாடத்தில் முந்தைய ஆண்டுக் கேள்விகள் 25. இந்தச் சுற்றுக்குக் கடிகாரம் வேண்டாம்.

படி 2: தீர்வைப் பார்க்க அவசரப்படாதீர்கள்

பத்து நிமிடமாவது முட்டி மோதுங்கள். அப்புறமும் வரவில்லையென்றால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி, மீதியை நீங்களே போடுங்கள். முழுத் தீர்வையும் வாசித்தால் புரிந்ததுபோல் இருக்கும். மறுவாரம் அதே கணக்கில் கை நின்றுவிடும்.

படி 3: விடையை இன்னொரு வழியில் சரிபாருங்கள்

0, 1, 2, 3, 4, 5 ஆகிய இலக்கங்களைக் கொண்டு, எந்த இலக்கமும் திரும்ப வராமல், எத்தனை நான்கிலக்க இரட்டை எண்கள் அமைக்கலாம்?

பலர் கடைசி இடத்துக்கு 3 வழி, மற்ற இடங்களுக்கு 5, 4, 3 என்று பெருக்கி 180 என்பார்கள். தப்பு. 0 முதலிடத்தில் வந்தால் அது நான்கிலக்க எண்ணே அல்ல. ஆகவே பிரித்துப் போடுங்கள்:

கடைசி இலக்கம் 0 என்றால்: 5 × 4 × 3 = 60
கடைசி இலக்கம் 2 அல்லது 4 என்றால், முதலிடத்துக்கு 0 ஆகாது: 2 × 4 × 4 × 3 = 96
மொத்தம் 156.

இப்போது எதிர்ப்பக்கமிருந்து பாருங்கள். அந்த 180-இல் 0-இல் தொடங்குபவை 2 × 4 × 3 = 24. கழித்தால் 156. இரண்டும் ஒத்துப்போகின்றன. எண் விடைக் கேள்வியில் தப்பைக் காட்டிக்கொடுக்க விடைப் பட்டியல் இல்லை என்பதால், இந்தப் பழக்கம் அங்கே மிகவும் கைகொடுக்கும்.

படி 4: பிழை நோட்டு

தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் காரணத்தை எழுதுங்கள்: கருத்து புரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, கூட்டல் கழித்தலில் சறுக்கலா? ‘கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ‘அடைப்புக்குறியை நீக்கும்போது கழித்தல் குறி விட்டுப்போனது’ என்று எந்த வரி என்பதுவரை எழுதுங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை வெறும் தாளில் மறுபடி போடுங்கள்.

படி 5: இனி நேரம் வைத்து

இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 180 நிமிடம். வேதியியலைச் சீக்கிரம் முடித்தால் கணக்குக்கு 70 நிமிடம் ஒதுக்கலாம். முதல் சுற்றில் வழி உடனே தெரிகிற கணக்குகள் மட்டும். இரண்டு நிமிடத்தில் வழி பிடிபடாவிட்டால் குறித்துவைத்து நகருங்கள். கேள்வியைத் திரையில் வாசித்து, தாளில் போட்டுப் பழகுங்கள். தேர்வில் எண் விடையையும் திரையில் தெரியும் எண்பலகையில் மவுஸால்தான் அழுத்த வேண்டும்.