மூலிகை டீ வீடெல்லாம் மணக்கிறது, டம்ளரில் மணக்கவில்லையா?

துளசி, இஞ்சி, எலுமிச்சைப்புல், கொஞ்சம் புதினா. எங்கள் வீட்டு மூலிகை டீயில் அவ்வளவுதான். தேயிலை கிடையாது, அதனால் காஃபீனும் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் நாலு மணிக்குத் தலை கனத்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு டம்ளர் குடித்தால் முகமே தெளிந்துவிடும். அந்தத் தெளிவில் பாதிக்கு மேல் வாசனையின் வேலை என்று நான் நம்புகிறேன். நிறையப் பேர் அந்த வாசனையைத்தான் முதலில் தொலைக்கிறார்கள்.

எப்படி? எல்லாவற்றையும் மொத்தமாகப் பாத்திரத்தில் போட்டு, மூடாமல் கால் மணி நேரம் கொதிக்கவிடுவது. அடுப்படி கமகமவென்று மணக்கும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அங்கே மணப்பதெல்லாம் டம்ளருக்கு வரவேண்டியது. எலுமிச்சைப்புல் எண்ணெய் எடுப்பவர்கள் புல்லுக்குள் நீராவியை விட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆவியோடு எண்ணெயும் கிளம்பும், அதைக் குளிரவைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மூடாமல் கொதிக்கவிட்டால் நாமும் அதையேதான் செய்கிறோம், பிடிக்காமல் விட்டுவிடுகிறோம்.

அதனால் தட்டு போட்டு மூடுங்கள். திறக்கும்போது தட்டின் அடியைப் பாருங்கள், முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும். ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தால் எலுமிச்சையும் கிராம்பும் சேர்ந்தாற்போல ஒரு மணம் (கிராம்பில் இருக்கும் யூஜெனால் துளசியிலும் உண்டு). அதைத் தரையில் உதறாமல் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிடுங்கள்.

சரி, செய்முறை. ரெண்டு டம்ளருக்கு 400 மில்லி தண்ணீர். ஒரு விரல்கணு அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, மூடி, சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்கட்டும், இஞ்சி கொதித்தால்தான் காரம் இறங்கும். எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டை நசுக்கி, மேல் இலையை முடிச்சாகக் கட்டி (ஓரம் கையைக் கிழிக்கும், கவனம்) கடைசி ஒரு நிமிடத்தில் போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் துளசி பத்துப் பன்னிரண்டு இலை, புதினா ஐந்தாறு, கையாலேயே கிள்ளிப் போட்டு மூடி 5 நிமிடம். அப்புறம் உடனே வடிகட்டிவிட வேண்டும், இலையை அப்படியே ஊறவிட்டால் கசப்பு ஏறிவிடும்.

நல்லதுதானே என்று ஏலக்காய், பட்டை, மிளகு, அதிமதுரம், ரோஜா இதழ் எல்லாவற்றையும் சேர்ப்பதும் வேண்டாம், கடைசியில் எதன் ருசியும் தெரியாது. நாலு பொருள் போதும், புதினாவை அடக்கியே போடுங்கள், கொஞ்சம் கூடினாலும் மற்றதை விழுங்கிவிடும். காய்ந்த இலை என்றால் பச்சை இலையில் மூன்றில் ஒரு பங்கு. வெயிலில் காயவைத்தால் இலை கறுத்து மணமும் போய்விடும், நிழலில்தான் காயவைக்க வேண்டும். காய்ந்ததை அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பால் வேண்டாம், இந்த மெல்லிய மணத்தை அது அமுக்கிவிடும். எலுமிச்சம்பழம் வேண்டுமென்றால் டம்ளரில் ஊற்றிய பிறகு நாலு சொட்டு பிழியுங்கள்.

கடையில் வாங்குபவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். மூலிகை டீ என்று பெரிதாக எழுதியிருக்கும், உள்ளே தேயிலையும் கலந்திருக்கலாம். ராத்திரி தூக்கம் வராதவர்களுக்கு இது முக்கியம். அதிமதுரம் சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் அதிகமாகக் குடித்தால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மூலிகையையும் தினப் பழக்கமாக்கும் முன்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.