கூகுள் ட்ரெண்ட்ஸ் கிராஃப வச்சு மக்கள் ஆர்வத்த அளக்கறப்ப தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வார்த்தைய கூகுள்ல எப்ப, எங்க எவ்ளோ தேடறாங்கன்னு கிராஃபா காட்டற டூல்தான் கூகுள் ட்ரெண்ட்ஸ். அதுல ஒரு வார்த்தைய போட்டு, கோடு ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டு "மக்களுக்கு இதுல ஆர்வம் கூடிடுச்சு"ன்னு சொல்றது இப்ப ரொம்ப சாதாரணமாயிடுச்சு, வீடியோ போடறவங்க, செய்தி எழுதறவங்க, ப்ராஜெக்ட் பண்ற ஸ்டூடன்ட்ஸ்னு எல்லாரும் இதத்தான் பாக்கறாங்க. நல்ல டூல்தான், காசு கிடையாது, 2004லேருந்து டேட்டா இருக்கு. ஆனா அதுல வர்ற 100ங்கற நம்பர் என்னன்னு புரியலன்னா மத்ததெல்லாம் தப்பாத்தான் போகும்.

100ன்னா நூறு பேரும் இல்ல, நூறு சதவீதமும் இல்ல. அந்த எடத்துல அந்த நேரத்துல நடந்த மொத்த தேடல்ல உங்க வார்த்தைக்கு எவ்ளோ பங்குன்னு பாக்கறாங்க, அந்த பங்கு எப்ப உச்சத்துல இருந்துச்சோ அதுக்கு 100 குடுத்துட்டு மிச்சத்தையெல்லாம் அதோட ஒப்பிட்டு போடறாங்க. ஒரு வருஷம் 10 லட்சம் தேடல்ல 10,000 உங்க வார்த்தைக்குன்னு வச்சுக்கோங்க, அது 1 சதவீதம். கொஞ்ச வருஷம் கழிச்சு மொத்தம் 60 லட்சம், உங்க வார்த்தை 30,000, பங்கு அரை சதவீதம்தான். தேடினது மூணு மடங்கு ஆயிருக்கு, கிராஃப் மட்டும் 100லேருந்து 50க்கு எறங்கிருக்கும்! இத பாத்து "ஆர்வம் பாதியா கொறஞ்சுடுச்சு"ன்னு எழுதினா அது உண்மைக்கு நேர் எதிரா போயிடும். மாநில வாரியா காட்டற மேப்லயும் இதே கததான், சின்ன மாநிலத்துக்கு 100 வந்துருக்கும், பெரிய மாநிலத்துக்கு 40, ஆனா ஆள் கணக்குல பெரிய மாநிலத்துலதான் நெறய பேர் தேடிருப்பாங்க.

இதனாலதான் ரெண்டு வார்த்தைய தனித்தனியா தேடி, ரெண்டு ஸ்க்ரீன்ஷாட்ட பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாதுன்னு சொல்றது, ரெண்டுலயும் இருக்கற 100 வேற வேற. ஒரே தேடல்ல சேத்து போடுங்க. அதுலயும் ஒன்னு ரொம்ப பெருசா இருந்தா சின்னது தரையோட ஒட்டி 0ன்னு கெடக்கும், 0ன்னா யாருமே தேடலன்னு அர்த்தம் இல்ல, அளவு கம்மின்னுதான் அர்த்தம்.

அடுத்தது வார்த்தை. பைதான்னு போட்டா பாம்ப தேடினவங்களும் வருவாங்க, ப்ரோக்ராமிங் படிக்கறவங்களும் வருவாங்க. டைப் பண்றப்ப கீழ வர்ற லிஸ்ட்ல தேடல் சொல்னு ஒன்னு இருக்கும், தலைப்புன்னு வேற வகையும் இருக்கும், தலைப்ப எடுத்தா பல மொழில தேடினதயும் சேத்துக்கும், அர்த்தமும் பிரியும். நம்ம மாதிரி சொந்த எழுத்துலயும் இங்கிலீஷ் எழுத்துலயும் மாத்தி மாத்தி டைப் பண்றவங்க இத கவனிக்கலன்னா ஆர்வத்துல ஒரு துண்டத்தான் பாப்போம். அப்பறம், ட்ரெண்ட்ஸ் வெப் தேடல மட்டும்தான் மொதல்ல காட்டும், யூட்யூபுக்கு தனியா மாத்தணும், பாட்டு, சமையல் மாதிரி விஷயத்துல இது ரொம்ப முக்கியம்.

இதெல்லாத்தயும் விட எனக்கு கவலையா இருக்கறது, தேடல மனசோட சேத்து கொழப்பறது. 2016 ஜூன்ல, ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு வெளிய போகலாமான்னு பிரிட்டன்ல நடந்த ஓட்டெடுப்பு ரிசல்ட் வந்ததும், "ஐரோப்பிய ஒன்றியம்னா என்ன"ங்கறதுதான் அந்த ஒன்றியத்த பத்தி அங்க அதிகம் கேட்ட கேள்விகள்ல ரெண்டாவதுன்னு கூகுள் ட்ரெண்ட்ஸ் ட்விட்டர்ல போட்டுது. என்னன்னே தெரியாம ஓட்டு போட்டுட்டாங்கன்னு செய்தி பறந்துச்சு. எத்தன பேர் கேட்டாங்கன்னு அந்த ட்வீட்ல இல்லவே இல்ல, கேட்டவங்க ஓட்டு போட்டவங்களா, ஓட்டு வயசு வராத பசங்களான்னும் தெரியாது. கூகுளே இதுல தடுக்கி விழுந்துருக்கு: ஃப்ளூ ட்ரெண்ட்ஸ்னு 2008ல ஆரம்பிச்சாங்க, காய்ச்சல் பத்தி தேடறத வச்சு காய்ச்சல் எவ்ளோ பரவுதுன்னு கணிக்கறது. 2012-13 சீசன்ல அமெரிக்காவுல உண்மைய விட ரொம்ப அதிகமா காட்டிடுச்சு. செய்தில பயந்துபோய் காய்ச்சல் இல்லாதவங்களும் தேடினதுதான் காரணம்னு பரவலா சொல்றாங்க. 2015ல கணிப்ப வெளியிடறதயே நிறுத்திட்டாங்க. ஒரு விஷயத்த கோபத்துலயும் தேடுவாங்க, பயத்துலயும் தேடுவாங்க, வீட்டுப்பாடத்துக்கும் தேடுவாங்க, கோடு எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் ஏறும்.

எக்ஸ்ல வர்ற ட்ரெண்டிங் லிஸ்டயும் இப்படித்தான் பாக்கணும். அங்க திடீர்னு கூடறதுக்குத்தான் மதிப்பு, தெனமும் நெறய பேர் பேசற விஷயம் லிஸ்ட்ல வராமலே போகலாம், ஒரே நேரத்துல கூட்டமா சேந்து ஹேஷ்டேக் போட்டா சட்டுனு வந்துடும். லிஸ்ட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

திரும்ப ட்ரெண்ட்ஸுக்கு வந்தா, கிராஃப் கடைசில புள்ளிக்கோடா வர்ற பகுதி இன்னும் முடியாத வாரமோ மாசமோதான், அத பாத்து சரிவுன்னு எழுதிடாதீங்க. ட்ரெண்ட்ஸ் எல்லா தேடலயும் எண்ணாம அதுலேருந்து ஒரு சாம்பிளத்தான் எடுக்குதுங்கறதால சின்ன வார்த்தைகளுக்கு வேற வேற நாள்ல பாத்தா நம்பர் மாறும், ரெண்டு மூணு நாள் எடுத்து பாருங்க. எண்ணிக்கையே வேணும்னா விக்கிபீடியா பேஜ்வியூஸ் இருக்கு, 2015 ஜூலைலேருந்து ஒவ்வொரு கட்டுரைய ஒவ்வொரு நாளும் எத்தன தடவ பாத்துருக்காங்கன்னு நேரடியா குடுக்கும், ட்ரெண்ட்ஸ்ல பாத்த ஏற்றம் அதே தேதில அங்கயும் இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் எழுதுங்க.