பெத்தோ என்ற லத்தீன் வினை: கேட்கப் போய் தாக்கிவிடாதீர்கள்

பெத்தோ, பெத்தெரே, பெத்தீவி, பெத்தீத்தும்: இவை இந்த லத்தீன் வினையின் நான்கு அடிப்படை வடிவங்கள். அகராதியைத் திறந்தால் தேடு, கேள், போ, தாக்கு, தேர்தலில் நில் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக நிற்கும். பலரும் முதலில் கிடைக்கும் ‘தேடு’ என்பதைப் பிடித்துக்கொண்டு எல்லா வாக்கியத்திலும் அதையே திணிக்கிறார்கள், தவறுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. இந்த வினையின் அடியில் இருப்பது ஒன்றைக் குறிவைத்து அதை நோக்கிப் போவது. நியூட்டன் 1687இல் வெளியிட்ட பிரின்சிப்பியா நூலில் ‘வீஸ் கென்த்ரிபெத்தா’ என்று ஒரு விசைக்குப் பெயர் வைத்தார், அதில் இருப்பதும் இதே வினைதான். நம் பாடநூல்கள் அதை ‘மையநோக்கு விசை’ என்கின்றன. அந்த ‘நோக்கு’ மனத்தில் இருந்தால் மற்ற பொருள்களெல்லாம் பின்னாலேயே வரும்.

ரோமக் கவிஞர் வெர்ஜிலின் ஏனெயிட் காவியத்தின் இரண்டாம் பாகத்தில், கடலிலிருந்து வரும் இரண்டு பாம்புகளும் லாவொகொவோன் என்ற திராய் நகரப் பூசாரியை நோக்கி வருவதைச் சொல்லும் இடம்: ‘லாவொகொவோந்தா பெத்துந்த்’. அவை லாவொகொவோனைத் தேடவில்லை, அவன் நிற்கும் இடம் கண்ணெதிரே இருக்கிறது. நேராக அவனைக் குறிவைத்து வருகின்றன. போவதும் தாக்குவதும் ஒரே சொல்லில் சேர்ந்துகொள்வதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது பெரிய தவறுக்கு வருவோம். ‘கைசரெம் பெத்தித்’ என்றால் கைசரை, அதாவது நாம் சீசர் என்பவரை, தாக்குகிறான், அல்லது கைசரை நோக்கிப் போகிறான். ‘ஆ கைசரே பெத்தித்’ என்றால்தான் கைசரிடம் கேட்கிறான். யாரிடம் கேட்கிறோமோ அவரை ஐந்தாம் வேற்றுமையில், ‘ஆ’ அல்லது ‘ஆப்’ சேர்த்துச் சொல்ல வேண்டும், கேட்கும் பொருள் மட்டும் இரண்டாம் வேற்றுமையில் வரும். ‘ரொகோ’ என்ற இன்னொரு வினை ஆளை நேரடியாக இரண்டாம் வேற்றுமையில் எடுத்துக்கொள்வதால், அதைப் பார்த்துப் பழகிய கை இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறது. தமிழ் வேறு ஒரு குழியைத் தோண்டி வைத்திருக்கிறது. நமக்கு ‘அவரிடம் சொன்னேன்’, ‘அவரிடம் கேட்டேன்’ இரண்டுக்கும் ஒரே ‘இடம்’தான். லத்தீனில் சொல்வது நான்காம் வேற்றுமை, கேட்பது ‘ஆப்’போடு ஐந்தாம் வேற்றுமை. இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட ‘ஆ தே பெத்தோ’, உன்னிடம் கேட்கிறேன், என்று முழுத் தொடராக வாயில் பழக்கிக்கொள்வது மேல்.

அடுத்தது, ஒருவரை ஒரு காரியம் செய்யும்படி கேட்பது. ‘அவரை வரச் சொன்னேன்’ என்ற நம் அமைப்பை அப்படியே லத்தீனில் போட்டால் ‘எயும் வெனீரே’ (‘அவரை வர’) என்று வரும். ‘யுபெயோ’, அதாவது கட்டளையிடு, என்ற வினையோடு அது மிகச் சரி. பெத்தோவோடு தவறு. ‘பெத்தோ ஆ தே உத் வெனியாஸ்’, நீ வரும்படி உன்னிடம் கேட்கிறேன், என்று ‘உத்’ போட்டு, விருப்பம் போன்றவற்றைக் காட்டும் சப்ஜங்க்டிவ் வடிவம் வர வேண்டும். முதன்மை வினை இறந்த காலத்துக்குப் போனால் இதுவும் கூடவே மாறும்: ‘பெத்தீவி ஆ தே உத் வெனீரேஸ்’. வராதே என்று கேட்பதற்கு ‘உத் நோன்’ கிடையாது, ‘நே’ மட்டும். ஒரு இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. ‘தன்னை விட்டுவிடும்படி கைசரிடம் கேட்டான்’ என்பதில் ‘தன்’ யாரைச் சுட்டுகிறதோ, லத்தீனில் ‘தனக்கு’ என்று பொருள்படும் ‘சிபி’யும் அவனையே, கேட்பவனையே சுட்டும்.

‘கேள்’ என்ற நம் சொல் வினவுவதற்கும் வேண்டுவதற்கும் பொதுவானது. பெத்தோ வேண்டுவதற்கு மட்டும். ‘எங்கே இருக்கிறாய்’ என்று கேட்க ‘குவைரோ’ இருக்கிறது.

இடங்களுக்குப் போவதில் ‘க்கு’ நினைவில் நான்காம் வேற்றுமை போடுவார்கள், அல்லது திசையைக் காட்டும் ‘இன்’, ‘ஆத்’ என்ற முன்னிடைச்சொற்களைச் சேர்ப்பார்கள். எதுவும் வேண்டாம், இரண்டாம் வேற்றுமையில் ‘உர்பெம் பெத்தோ’ (நகரத்துக்குப் போகிறேன்), ‘இத்தாலியம் பெத்தோ’ (இத்தாலிக்குப் போகிறேன்) போதும். ஆங்கில வழியாக லத்தீன் படிப்பவர்கள் ஆங்கில ‘for’ நினைவில் அமைதிக்கு முன்னால் ‘ப்ரோ’ போடுவதும் இதே வகைத் தவறு. ‘பாக்கெம் பெத்துந்த்’ என்று எழுதினாலே அமைதியை வேண்டுகிறார்கள் என்று ஆகிவிடும். பதவியும் அப்படியே. கி.மு. 64இல் ரோமப் பேச்சாளர் சிசெரோ ‘கோன்சுலாத்தும்’, அதாவது கான்சல் என்ற ரோமின் உயர் பதவியை, நாடினார் என்றால் அந்தப் பதவிக்குத் தேர்தலில் நின்றார் என்றே மொழிபெயர்க்க வேண்டும். அப்படி நிற்பவர் ‘பெத்தீத்தோர்’, நீதிமன்றத்தில் அதே சொல்லுக்கு வாதி என்று பொருள்.

வடிவங்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘பெத்தீவி’ சுருங்கினால் ‘பெத்தியி’, இரண்டு இகரம். ஒரே ஈகாரத்தோடு ‘பெத்தீ’ என்று வந்தால் அது இறந்த காலம் இல்லை, செயப்பாட்டு இன்பினிட்டிவ், அதாவது ‘கேட்கப்பட’ என்பது போன்ற எச்ச வடிவம்.

அந்தச் செயப்பாட்டு வினைதான் நன்றாகப் படித்தவர்களையும் தடுமாற வைக்கிறது. ‘கைசர் பெத்தித்துர்’ என்றால் கைசர் தாக்கப்படுகிறார், அவரிடம் யாரும் எதையும் வேண்டவில்லை. அப்புறம் ‘பாக்ஸ் ஆ ரோமானீஸ் பெத்தித்துர்’, அமைதி வேண்டப்படுகிறது. இதில் ‘ஆ ரோமானீஸ்’ என்பது ‘ரோமானியர்களால்’ என்றும் ஆகும், ‘ரோமானியர்களிடம்’ என்றும் ஆகும், ஏனென்றால் இரண்டுக்கும் லத்தீனில் ஒரே உருபுதான். இலக்கணத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. முந்தைய வாக்கியத்துக்குப் போய் போரில் தோற்றது யார், தூதர்களை அனுப்பியது யார் என்று பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.